லீவு முடிந்து வருகிறவரின் முதல் நாள்: யாழ்ப்பாணத்து அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திணைக்களத் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், தனியார் நிறுவன முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவம் நிறைவெய்தி, தேரும் தீர்த்தமும் முடிந்து, கொடியும் இறங்கிவிட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்த உறவுகள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். திருவிழாக் காலம் முழுவதும் வெறுமையாகக் கிடந்த கந்தோர்க் கதிரைகள் இந்தக் கிழமை ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. அந்தக் கதிரைகளில் வந்து அமர்கிறவர்களுடைய முதல் நாளைப் பற்றித்தான் இந்த மடலில் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எழுதுவினைஞர் என்ற பெயர் வழக்கில் இருந்த காலத்தில் அரச சேவையில் சேர்ந்தவள் நான். இன்று எங்கள் பதவியின் பெயர் மாறிவிட்டது; மேசையும் கோவைகளும் மாறவில்லை. லீவு வேண்டுமென்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. அரச ஊழியர்களின் சேவை விதிகளைக் கூறும் தாபன விதிக்கோவையின்படி ஆண்டொன்றுக்கு ஓய்வு லீவு 24 நாள்களும் அமய லீவு 21 நாள்களும் எங்களுக்கு உண்டு. கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் 14 நாள் வருடாந்த லீவை உறுதிசெய்திருக்கிறது. லீவு இருக்கிறது, பெரும்பாலும் நீங்கள் தடுப்பதுமில்லை. ஆனால் லீவில் நிற்பவருடைய வேலையை ஒருவரும் தொடாமல் அவர் மேசையிலேயே சேர்த்து வைத்துவிட்டு, அவர் வந்து கையெழுத்திட்ட அதே காலையில் அத்தனையையும் அவரிடம் கேட்கும் வழக்கம் எங்கள் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. அவருக்கு நீங்கள் தந்தது ஓய்வு என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் இரண்டு கிழமை வேலையை இரண்டு நாளில் செய்யும்படி பின்போட்டிருக்கிறீர்கள்.

லீவுக்கு விண்ணப்பிக்கும் பொது 125அ படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லீவு தொடங்கும் திகதி, கடமைக்குத் திரும்பும் திகதி, லீவுக்கான காரணம், லீவில் இருக்கும்போது தங்கும் முகவரி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பதில் கடமையாற்றுபவர், அதாவது லீவில் போகிறவரின் வேலையைப் பார்க்கப்போகிறவர், கையொப்பமிடுவதற்கும் அது ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் படிவத்தை ஆக்கியவர்கள் அந்த இடத்தை அலங்காரத்துக்காக வைக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசைக்குப் படிவத்தை நீட்டி, "தங்கச்சி, இதிலை ஒரு கையெழுத்துப் போட்டுவிடும்" என்கிறோம். அவளும் போட்டுவிடுகிறாள். என்ன கோவை நடுவழியில் நிற்கிறது, எந்தக் கடிதத்துக்கு எந்தத் திகதிக்குள் பதில் போகவேண்டும் என்று அவள் கேட்பதுமில்லை, நாங்கள் சொல்வதுமில்லை. அந்தக் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு நீங்களும் சிபாரிசு செய்கிறீர்கள். பதில் கடமை என்பது அந்தக் கையொப்பத்தோடு முடிந்துபோகிறது.

இதன் விளைவை நான் என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போலத் திருவிழாக் காலத்தில் பன்னிரண்டு நாள் லீவு முடித்து ஒரு திங்கட்கிழமை கடமைக்குத் திரும்பினேன். எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை பொதுமக்கள் தினம். எட்டரைக்கு முன்னரே வெளி வாங்கில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு, வெவ்வேறு நாள்களில், ஒரே பதில்தான் சொல்லப்பட்டிருந்தது: "அந்த விடயத்துக்குரிய அக்கா லீவிலை. திங்கட்கிழமை வாங்கோ." மேசையில் நாடா கட்டிய கோவைகள் கதிரையிலிருந்து பார்த்தால் எதிரே இருப்பவர் தெரியாத உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. உள்வரும் கடிதங்கள் திகதி வரிசை கூட இல்லாமல் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. பத்து மணிக்குக் கூட்டம் என்று ஏற்கெனவே அறிவித்தாயிற்று.

வாங்கில் நான்காவதாக இருந்தவர் தீவகத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு வயோதிப அம்மா. கணவர் இறந்தபின் அவருக்குக் கிடைக்கவேண்டிய ஓய்வூதியக் கொடுப்பனவுக்கான விண்ணப்பம் அவருடையது. வங்கிப் புத்தகத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கூட்டத்துக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். நான் அவசரத்தில் கணக்கிலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்களை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டேன். பணம் திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தி அவருக்கு மறுபடி அனுப்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாதத்தில் அவர் இரண்டு முறை வந்து போனார். ஒரு முறையாவது என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "பறவாயில்லைப் பிள்ளை, நீர் என்ன செய்வீர்" என்றார். பிழை என்னுடையது, அதை நான் வேறு எவர்மீதும் போடவில்லை. ஆனால் அந்தக் கோவை நான் லீவில் நின்ற பன்னிரண்டு நாள்களில் ஏதாவது ஒரு நாள், அவசரமில்லாத ஒருவரின் கையால் செய்யப்பட்டிருந்தால், அந்தப் பிழை நேர்ந்திராது. லீவு முடிந்து வருகிறவரை நெருக்குவதால் பாதிக்கப்படுகிறவர் அவர் மட்டுமல்லர், வாங்கில் இருக்கிறவரும்தான் என்பதை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன்.

இது எங்கள் ஊர்ச் சோம்பேறித்தனத்தால் எழும் முறைப்பாடு என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. நெதர்லாந்தில் ஜெசிக்கா டி ப்ளூம் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் சராசரியாக 23 நாள் விடுமுறையில் சென்ற 54 ஊழியர்களை விடுமுறைக்கு முன்னும், நடுவிலும், பின்னும் தொடர்ந்து விசாரித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விடுமுறையின்போது உடல்நலமும் மனநலமும் விரைவாக உயர்ந்து, எட்டாம் நாளளவில் உச்சத்தை அடைகின்றன. வேலைக்குத் திரும்பிய முதற் கிழமைக்குள்ளேயே அவை பழைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன. ஜேர்மனியில் ஆசிரியர்களிடையே செய்யப்பட்ட வேறோர் ஆய்வு, விடுமுறையின் பயன் ஒரு மாதத்துக்குள் தேய்ந்துவிடுவதாகக் கண்டதோடு, இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: திரும்பியவுடன் வேலைச்சுமை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு விரைவாக அந்தப் பயன் தேய்கிறது, வேலை முடிந்த மாலைகளில் ஓய்வு கிடைப்பவர்களுக்கு அது சற்று நீடிக்கிறது. அப்படியானால், இருபத்தைந்து நாள் லீவு கொடுத்து ஒரே நாளில் அதன் பயனை அழித்துவிடும் நிருவாகம், அந்தச் செலவை வீணாகச் செய்திருக்கிறது என்றுதானே பொருள்? லீவுச் சம்பளம் கொடுத்தாயிற்று. அதனால் அலுவலகத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தெளிந்த கண்ணும் ஆறிய மனமும் முதல் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போய்விடுகின்றன.

அந்த ஆய்வுகளில் வருகிறவர்களுக்கு விடுமுறை என்பது கூடுமானவரை ஓய்வாக இருந்திருக்கும். எங்களுக்கு அப்படியில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள், ஏனென்றால் உங்கள் வீடுகளிலும் இதே கதைதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அக்கா குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வந்து நிற்கும்போது லீவு எடுக்கிறோம். காலையில் நல்லூர், அது முடிய கீரிமலை, மறுநாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு, அதற்கடுத்த நாள் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. இடையில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியரிடம் ஓட்டம். விரதகாரருக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு இன்னொரு சமையல். பத்துப் பேர் சாப்பிட்டு எழும்பிய பின் பாத்திரம் கழுவி முடிய இரவு பதினொன்றரை. அவர்கள் போன பிறகு படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் காயப்போட்ட கையோடு நாங்கள் கந்தோருக்கு வருகிறோம். இந்த நாள்களின் மகிழ்ச்சியை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து வருடமாகக் காணாத தங்கையின் பிள்ளைக்கு என் கையால் சோறு ஊட்டியது எனக்குப் பெரிது. ஆனால் அது உடலுக்கு ஓய்வு அன்று. குறிப்பாகப் பெண் உத்தியோகத்தர்கள் லீவு முடிந்து வரும்போது ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத்தான் வருகிறார்கள். விமான நிலையத்தில் உறவினரை வழியனுப்பிவிட்டு வந்த மனத்தோடு அவர்கள் அன்று மேசையில் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

போய்த் திரும்புகிறவர்களின் நிலை வேறு. பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோ சென்று திரும்பிய என் சக உத்தியோகத்தர் ஒருவர் வந்து இறங்கிய மறுநாளே கடமைக்கு வந்தார். கோடைகாலத்தில் அங்குள்ள நேரம் எங்களுடையதைவிட ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. அவருடைய உடம்புக்கு எங்கள் காலை பத்து மணி நள்ளிரவு பன்னிரண்டரை. நாடு கடந்தவரின் உறக்கம் இடத்துக்கேற்பத் திரும்பப் பல நாள்கள் பிடிக்கும். அந்த நாள்களில் அவரிடம் காசுப் புத்தகத்தைக் கொடுத்துக் கூட்டிச் சரிபார்க்கச் சொன்னோம். நாள் முழுவதும் அவர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் அறியாமலில்லை. ஆளணி பற்றாக்குறை உண்மை. ஒருவர் இரண்டு மூன்று விடயங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் பதில் கடமையாற்றுபவருக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மை. பொதுமக்களைக் காக்கவைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வதும் முழுக்கச் சரி. அதற்காகத்தான் கேட்கிறேன்: பதில் கடமைக்கு ஒருவரை நியமிக்கும் அந்தக் கிழமைகளில் அவருடைய சொந்த விடயத்தில் அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவைக்க அவருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி இல்லாதவரையில், மற்றவருடைய கோவையைத் தொட்டுப் பிழை நேர்ந்தால் தான் பதில் சொல்லவேண்டுமே என்ற பயத்தில், "திங்கட்கிழமை வாங்கோ" என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்லமுடியாது. அவரைக் குறைகூறுவதில் பயனில்லை.

மூத்தவர்கள் சிலர் சொல்லும் இன்னொரு நியாயத்துக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த சனத்தோடு அரச உத்தியோகத்தர்களும் நடந்தார்கள். அந்த நிலையிலும் சம்பளப் பட்டியலும் நிவாரணப் பட்டியலும் எழுதியவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய் விளக்கில் கணக்கு முடித்தவர்கள். "நாங்கள் லீவு எண்டு ஒண்டைக் கண்டதோ? வந்தவுடனை வேலை செய்யிறதுக்கு என்ன?" என்று அவர்கள் கேட்கும்போது அதில் வீண்பெருமை இல்லை, பட்ட பாடு இருக்கிறது. ஆயினும் அன்றைக்கு அப்படி வேலை செய்தது வேறு வழியில்லாததால். அந்தக் காலத்தின் நெருக்கடியை இந்தக் காலத்தின் ஒழுங்குவிதியாக வைத்திருக்கத் தேவையில்லை. அவர்களில் பலர் இளைப்பாறிய கையோடு நோயாளிகளாகிப் போனதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

செய்யமுடியாத ஒன்றை நான் கேட்கவில்லை என்பதற்கு என் அனுபவத்திலேயே சாட்சி உண்டு. முன்பு நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் இருந்த தலைமை எழுதுவினைஞர் ஒருவர், லீவில் போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இரண்டு பக்கம் எழுதித் தந்தால்தான் படிவத்தில் கையொப்பமிடுவார். எந்தக் கோவை எந்த அலுமாரியில், எந்தத் தட்டில். எது யாருடைய கையொப்பத்துக்காக நிற்கிறது. யார் வந்தால் என்ன சொல்லவேண்டும் என்பவை அதில் இருக்கவேண்டும். பதில் கடமையாற்றுபவர் அதே கொப்பியில் நாளுக்கு நாள் தான் செய்ததைக் குறித்துவைப்பார். லீவு முடிந்து நாங்கள் வரும் காலையில் மேசையில் அந்தக் கொப்பி ஒன்று மட்டும்தான் இருக்கும். கோவைகள் அலுமாரியில் இருக்கும். ஐயா வந்து, "முதலிலை இதை வாசியும். மத்தியானம் மட்டும் உம்மை ஒருத்தரும் கூப்பிடாயினம்" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்தரை மணிக்குள் எது அவசரம், எது காத்திருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் நாளில் வழமையான வேகம் வந்துவிடும். அந்தக் கொப்பியின் விலையைத் தவிர அலுவலகத்துக்கு வேறு செலவு ஏற்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஐயாவின் காலத்தில் லீவில் நிற்பவரை அழைப்பதென்றால் ஆள் அனுப்பவேண்டும், ஆகையால் அழைக்கமாட்டார்கள். இப்போது அலுவலக வட்ஸ்அப் குழுவில் சப்பறத் திருவிழா அன்றைக்கும் கேள்வி வருகிறது. பதில் போடாவிட்டால் பொறுப்பற்றவர் என்ற பெயர். ஜேர்மனியின் டைம்லர் நிறுவனம், விடுமுறையில் இருக்கும் ஊழியருக்கு வரும் மின்னஞ்சல்கள் தாமாகவே அழிந்து, அனுப்பியவருக்கு வேறொருவரின் முகவரி அறிவிக்கப்படும் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது 2014இல் செய்தியாயிற்று. கடிதத்தை அழிக்கும்படி அரச அலுவலகத்தை நான் கேட்கமாட்டேன். கேள்வியை லீவில் நிற்பவரிடம் கேட்காமல் பதில் கடமையாற்றுபவரிடம் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பாடசாலை அதிபர்களுக்கு ஒரு வார்த்தை. தவணை தொடங்கும் முதல் நாளிலேயே ஆசிரியர் கூட்டமும், புதிய நேரசூசியும், பாடத்திட்டக் கொப்பிச் சமர்ப்பிப்பும், சென்ற தவணைப் புள்ளிப் பதிவும் சேர்ந்து வருவதால், வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியரின்றி இருப்பதை நான் ஒரு தாயாகக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளும் விடுமுறையிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களோடு இருந்து கதைப்பதற்கு அந்த நாளை ஆசிரியருக்கு விட்டுவிட்டு, பதிவுகளை அந்தக் கிழமையின் கடைசிக்கு வைத்தால் என்ன?

ஊழியர்களாகிய எங்கள் பக்கத்திலும் திருத்திக்கொள்ள இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை யாழ்ப்பாணத்தில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வரவுப் பதிவேட்டில் கையெழுத்திட வருவதை ஒரு திறமையாக நாங்கள் பேசிக்கொள்கிறோம். லீவின் கடைசி நாளை வீட்டில் கழிக்கும்படி பயணத்தை ஒழுங்குபடுத்த எங்களால் முடியும். லீவுக்கு முதல் நாள் மேசையைப் பூட்டிச் சாவியோடு போவதை நிறுத்தவும் எங்களால் முடியும். "என்ரை விடயத்தை வேறை ஆரும் தொடக்கூடாது" என்று மனத்துக்குள் வைத்திருக்கும் அந்த எண்ணம் எனக்கும் பல காலம் இருந்தது. பதில் கடமையாற்றுபவர் ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். பத்து நாளுக்கு மேல் லீவில் நின்றவர் திரும்பும் நாள் பொதுமக்கள் தினமாக அமையுமானால், அன்று அவருக்குப் பதிலாக அதுவரை பதில் கடமையாற்றியவரே வாங்கில் இருப்பவர்களைப் பார்க்கட்டும். முதல் நாளில் அவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். கணக்கிலக்கம், காசோலை, சம்பள மாற்றம் போன்று ஓர் இலக்கம் பிசகினாலும் ஒரு குடும்பத்தைப் பாதிக்கும் வேலைகளை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். பதில் கடமை ஒப்படைப்புக் கொப்பி இல்லாமல் லீவுப் படிவத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். இவற்றுக்கு அமைச்சின் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அலுவலகத் தலைவரின் உள்ளகக் குறிப்பு ஒன்றே போதும்.

மார்கழியில் பாடசாலை விடுமுறையோடு அடுத்த லீவுக் காலம் தொடங்கும். திருவெம்பாவைப் பூசைக்கும் ஆண்டிறுதிக் கணக்குக்கும் இடையில் எங்கள் மேசைகளில் மறுபடியும் கதிரைகள் வெறுமையாகும். அதற்கு முன் ஏதாவது ஓர் அலுவலகத்தில், ஒரு கிளையில் மட்டுமாவது இதைச் செய்து பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் தொடங்குவதானால் என்னுடைய மேசையிலிருந்தே தொடங்கலாம். கொப்பியை வாங்கி, முதல் இரண்டு பக்கங்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
பணிவன்புடன்,
அரச அலுவலகமொன்றின் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்,
யாழ்ப்பாணம்.